புல்லாங்குழலை மூட்டை கட்டலாமா?

மருத்துவக் கல்லூரிக்கு முயலும் மாணவரே, நாட்டு நலப்பணித் திட்டம், புல்லாங்குழல், பறவை நோக்கல் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டீர்களா? கோவை, ஈரோடு, நாமக்கல் வட்டாரப் பயிற்சி நிலையங்கள் பலவும் அப்படித்தான் சொல்கின்றன. கணக்கு அவர்கள் பக்கமே. 2025ஆம் ஆண்டு நீட் தேர்வில் 180 நிமிடங்களில் 180 வினாக்கள். பொதுப்பணிக்கோ கைத்திறனுக்கோ ஒரு மதிப்பெண்ணும் இல்லை.

ஆனால் மருத்துவரின் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப் எங்கிருந்து வந்தது? 1816இல் பாரிஸில் லென்னக் என்ற மருத்துவர், ஒரு பெண்ணின் மார்பில் நேரே காதை வைக்கத் தயங்கி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். இதய ஒலி தெளிவாகக் கேட்டது. பிறகு அதை மரத்திலேயே கடைந்தார். அவர் புல்லாங்குழல் வாசிப்பவர். கடைசல் வேலையும் அறிந்தவர்.

நீட் எழுதிவிட்டு எங்கள் பி.எஸ்ஸி. வகுப்புக்கு வருவோர் குழாயின் அதிர்வெண் சூத்திரத்தை நொடியில் ஒப்பிக்கிறார்கள். குழலின் துளையைத் திறந்தால் சுருதி ஏன் ஏறுகிறது என்றால் விழிக்கிறார்கள். காற்றுத் தம்பத்தின் நீளம் குறைகிறது, அவ்வளவுதான்!

இவற்றுக்கும் மதிப்பெண் கொடுங்கள் என்று கேட்கவில்லை. கொடுத்தால் சான்றிதழ் வேட்டைதான் மிஞ்சும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் விட்டுவைக்கும்படி உங்கள் பயிற்சி நிலையத்தாரிடம் கேளுங்கள்.