ஆபரேட்டர் எங்கே போனார்?

பழைய தியேட்டர்களைப் பற்றிய கட்டுரைகளில் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லாமே சீட்டில் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் எழுதியவை. மதுரை தங்கம் தியேட்டர் என்றால் 1952, ‘பராசக்தி’, 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள் என்று அடுக்கிவிடுவோம். அங்கே எத்தனை பேர் வேலை பார்த்தாங்க? யாரும் சொல்றதில்லை.

வசந்தபாலனின் ‘வெயில்’ (2006) எனக்கு முக்கியமான படமாக இருப்பது அதனால்தான். வீட்டை விட்டு ஓடிவந்த முருகேசனுக்குத் தியேட்டர்தான் சோறு, கூரை எல்லாம். அங்கேயே ஆபரேட்டராகிறான். தியேட்டர் மூடும்போது நமக்குப் போவது ஒரு பொழுதுபோக்கு. அவனுக்குக் கைக்குப் பழகின ஒரே தொழிலும், இருந்த ஒரே இடமும் சேர்ந்து போச்சு.

தங்கம் இருந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை. கடந்து போகும்போது ‘அடடா’ என்கிறோம். ஆபரேட்டர் எங்கே போனார்னு கேட்கிறதில்லை.