அமிர்தமங்கலத்தில் தாழி

அயர்லாந்துக்காரர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். டூவம் என்ற ஊரின் பெயரே பழங்காலப் புதைமேட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆர்ட்ஃபெர்ட் என்றால் புதைமேடுகள் உள்ள உயரமான இடம். பி. டபிள்யூ. ஜாய்ஸ் 1869-லேயே இப்படிப்பட்ட பெயர்களைத் திரட்டிப் புத்தகம் போட்டுவிட்டார்.

இதைப் படித்துவிட்டு அகராதியும் கையுமாக நம்ம ஊர்ப்பெயர்களுக்குள் இறங்கினால் வழுக்கி விழ வேண்டியதுதான். மதுராந்தகம் பக்கத்துச் சாணூரை எடுத்துக்கொள்ளுங்கள். 'சா' என்று பிரித்து 'சாவூர்' ஆக்கக் கை துறுதுறுக்கும். அங்கே பெருங்கற்கால ஈமச்சின்னங்களை 1950களின் தொடக்கத்தில் பானர்ஜியும் சௌந்தரராஜனும் தோண்டியும் இருக்கிறார்கள். கச்சிதமாப் பொருந்துதே! ஆனால் அதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் அமிர்தமங்கலமும் இருந்தது. 1955-இல் பானர்ஜி அங்கே தோண்டியபோது வெளிவந்தவை ஈமத்தாழிகள். பெயரோ சாவே இல்லாத அமிர்தம்! 'மங்கலம்' என்ற ஈறெல்லாம் தாழியைப் புதைத்துப் பல நூற்றாண்டு கழித்து வந்தது. பெயர் வைத்தவருக்குப் புதைத்தவர் யாரென்றே தெரியாது.

நம்மிடம் அந்த நினைவு ஊர்ப்பெயரில் தங்கவில்லை, மேய்ச்சல்காரர் வாயில் தங்கியது. பாண்டவர் குழி, வாலியர் வீடு என்று கல்வட்டத்தையும் கல்திட்டையையும் சுட்டும் பெயர்கள் அவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரியும். 'பாண்டவர்' என்பது 'மாண்டவர்' என்பதன் திரிபு என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. கேட்க அழகாத்தான் இருக்கு. ஆனால் மலபார்க் கல்லறைகளைப் பற்றி பாபிங்டன் எழுதி 1823-இல் அச்சான கட்டுரையிலேயே அது 'பாண்டு குழி'தான். 'மா' எப்போது 'பா' ஆனது என்று காட்டாதவரை அது ஊகம் மட்டுமே.

ஜாய்ஸைப் பின்பற்றுகிறோம் என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவருக்கு முன்பே, 1830களில், நில அளவைக்காக ஜான் ஓ'டொனவன் ஊர் ஊராக நடந்து, அங்கிருந்தவர்களிடம் கேட்டுப் பெயர்களை எழுதிக்கொண்டார். நாம் கடன் வாங்க வேண்டியது அந்த நடையை.

நான் இதை எழுதுவது வல்லம் வடகாலில். கால் என்றால் வாய்க்கால். ஊர்ப்பெயரில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது. சிப்காட் வளாகத்துக்குள் போனால் வழி கேட்பதெல்லாம் மனை எண்ணையும் கம்பெனி கேட்டையும் வைத்துத்தான். ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலைக்கு வழி கேளுங்கள், யாரும் சொல்வார்கள். அந்த நிலங்களில் ஆடு மேய்த்தவர்கள் அவற்றை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று கேட்டால், டீக்கடை பெஞ்சில் அறுபதைத் தாண்டியவர்கள்தான் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.