எஞ்சிய துண்டுகளைச் சேர்ப்பவர் யார்?

ஆண்டுதோறும் சூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் நெருங்கும் வேளையில், நம் ஆலயங்களின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் இடம்பெறுகிறது. பிளாஸ்டிக் பையைத் தவிர்ப்பீர். தண்ணீரை அளவோடு செலவழிப்பீர். தேவைக்கு மட்டும் சமைப்பீர். ஆளில்லா அறையில் விளக்கை அணைப்பீர். குப்பையைப் பிரித்து வைப்பீர். தாளின் அடியில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் பெயரும், 2015-இல் அவர் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலின் பெயரும் காணப்படும்.

இத்தாளை நாமும் பலமுறை ஒட்டியிருக்கிறோம். மறையுரையில் வாசித்தும் இருக்கிறோம். இன்று அதைத் திறனாய்வுக் கண்கொண்டு பார்க்க விழைகிறோம். ஒரு நூலை மதிப்பிடும்போது, அதில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதோடு, படித்தவர்கள் எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டார்கள், எந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும் அல்லவா?

சுற்றுமடலில் 246 பத்திகள் உள்ளன. நம் அறிவிப்புத் தாள்கள் யாவும் ஆறாம் பிரிவிலுள்ள 211-ஆம் பத்தியிலிருந்து பிறந்தவை. அன்றாட வாழ்வின் சிறு செயல்கள் வழியாகப் படைப்பைப் பேணுவது மேன்மையான கடமை என்று அங்கே திருத்தந்தை எடுத்துரைக்கிறார். சில எடுத்துக்காட்டுகளும் தருகிறார். வசதியிருந்தும் கணப்பின் சூட்டைக் குறைத்துக்கொண்டு கம்பளி உடுத்தும் ஒருவரும் அவற்றுள் வருகிறார். பம்மலின் மே மாத வெயிலில் நமக்கு அவர் அவ்வளவாகப் பயன்படமாட்டார்! அது நிற்க. பட்டியலாக இருப்பதால் அப்பத்தி எளிதில் படியெடுக்கத் தக்கதாகிவிட்டது. அதற்கு எட்டுப் பத்திகள் கழித்து, 219-ஆம் பத்தியில், தனிமனிதர் தம்மைத் திருத்திக்கொள்வது மட்டுமே இந்தச் சிக்கலைத் தீர்க்காது என்றும், தனித்தனி நற்செயல்களின் கூட்டுத்தொகை போதாது, மக்கள் ஒன்றுகூடிய அமைப்புகள் வேண்டும் என்றும் அதே திருத்தந்தை எழுதுகிறார். இப்பத்தியைப் பலகையில் ஒட்டிய பங்கு எதையும் நாம் கண்டதில்லை, நாமும் ஒட்டியதில்லை.

பட்டியல் மட்டும் பரவியதன் விளைவை நம் பங்கிலேயே கண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் மறைக்கல்வி மாணவர்களுக்காகக் 'கழிவிலிருந்து கலை' என்றொரு கண்காட்சி ஏற்பாடு செய்தோம். குளிர்பானப் புட்டியில் பூந்தொட்டி, பழைய குறுந்தகட்டில் தோரணம், ஐஸ்கிரீம் குச்சியில் குடில் என்று மண்டபம் நிறைந்தது. பெற்றோர் பூரித்தனர். பரிசளிப்பின்போது ஒரு சிறுவனை, "இத்தனை புட்டிகளை எங்கே சேகரித்தாய்?" என்று கேட்டோம். "அப்பா பத்து பாட்டில் வாங்கிக் கொடுத்தார், ஃபாதர். பாதியைக் குடித்தோம், மீதியைக் கொட்டிவிட்டோம்" என்றான் கள்ளமின்றி. அவனுக்குத்தான் முதல் பரிசு. பின்வாங்க நமக்குத் துணிவில்லை.

வீட்டுக் குறிப்பு நூல்களும் வார இதழ்களின் மகளிர் பக்கங்களும் நெடுங்காலமாக வளர்த்துவந்த ஒரு வகை எழுத்தின் குறைபாடு இதுதான். பொருளின் வடிவத்தை மாற்றிவிட்டால் அது கழிவு அல்லாமல் போய்விடும் என்று அவ்வெழுத்து நம்புகிறது. ஆறு மாதத்தில் அந்தப் பூந்தொட்டியும் குப்பைக்குத்தான் போயிற்று, கோந்தும் வண்ணமும் ஒட்டியபடி. வெறும் புட்டியாக இருந்திருந்தால் காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்திருப்பார். அலங்கரித்த புட்டியை அவர் தொடமாட்டார். துணிப்பைகளின் கதையும் ஏறத்தாழ இதுவே. தமிழக அரசு 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருள்களை 2019 சனவரி முதல் தடைசெய்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கத்தையும் தொடங்கியது. நல்ல முயற்சிகளே. ஆனால் வெள்ளிவிழா, புதுநன்மை, திருமணம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் அச்சடித்த துணிப்பை பெற்று, வீட்டில் இருபது பைகளை மடித்து வைத்துவிட்டு வெறுங்கையோடு கடைக்குச் செல்கிறோம்.

நம் கண்ணைத் திறந்தது வேறொரு நிகழ்ச்சி. பங்கு இல்லத்தில் உடைந்த கண்ணாடிக் குவளை ஒன்றைச் சோற்று மிச்சத்தோடு ஒரே பையில் போட்டுக் கட்டி வாசலில் வைத்திருந்தோம். வைத்தது சமையற்காரர் அல்லர், நாமே. இரண்டு நாள் கழித்துத் தெருக் குப்பை எடுக்கும் அம்மையார் உள்ளங்கையில் துணி சுற்றியபடி வந்தார். நம்மிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்ன ஆயிற்று என்று பின்னர் கேட்டறிந்தபோது, "எந்த வீட்டுப் பைன்னு தெரியல, ஃபாதர்" என்றார். நமக்குத் தெரிந்திருந்தது. அறிவிப்புப் பலகையில் நம் கையொப்பத்துடன் அந்தத் தாள் அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்பின்னணியில்தான் பம்மல் பெண்களின் முயற்சியை மீண்டும் எண்ணிப்பார்த்தோம். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு பம்மல் இணைக்கப்படுவதற்கு நெடுநாள் முன்னர், 1994-இல், இங்குள்ள சங்கரா நகரில் இல்லத்தரசிகள் சிலர் மகளிர் மன்றமாகக் கூடினார்கள். தெருமுனைகளில் குவிந்த குப்பையைக் கண்டு சலித்தவர்கள் அவர்கள். எம். பி. நிர்மல் 1989-இல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கத்தின் சிந்தனை அவர்களுக்குத் துணை நின்றது. திருமதி மங்களம் பாலசுப்பிரமணியன் முன்னின்று நடத்தினார். வீட்டுக்கு வீடு சென்று மாதந்தோறும் ஒரு சிறு தொகை கேட்டார்கள். மூன்று சக்கர வண்டியோடு ஆள்களை அமர்த்தினார்கள். மக்கும் குப்பையைத் தனியே வாங்கி மண்புழு உரமாக்கி விற்றார்கள். ஒரு நகரில் தொடங்கியது பம்மல் முழுமைக்கும் பரவி, 'எக்ஸ்னோரா கிரீன் பம்மல்' என்னும் பெயரில் வேறு ஊர்களுக்கும் சென்றது.

இம்முயற்சியை வீட்டுக் குறிப்பு எழுத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். குறிப்பெழுத்தில் குப்பை வீட்டு வாசலோடு முடிந்துபோகிறது. பம்மல் பெண்கள் வாசலுக்கு அப்பால் யார் வருகிறார், எதில் ஏற்றுகிறார், எங்கே கொட்டுகிறார், அவருக்குக் கூலி யார் தருகிறார் என்று கேட்டார்கள். 232-ஆம் பத்தியில், ஊரின் ஒரு பொது இடத்தைக் காக்கக் கூடும் மக்களிடையே புதிய உறவுகள் அரும்புகின்றன என்று சுற்றுமடல் கூறுவதை, அது எழுதப்படுவதற்கு இருபத்தோராண்டு முன்பே இப்பெண்கள் செய்து காட்டினார்கள்.

அவர்களது முயற்சியையும் குறை காணாமல் புகழ்வது முறையன்று. குப்பை எடுப்போருக்குப் 'பசுமைத் தூதர்' என்று அவர்கள் பெயர் சூட்டினர். நல்ல எண்ணம்தான். ஆனால் புதிய பெயரால் பழைய இழிவு தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு. 'அரிசன்' என்ற பெயரை அதனைச் சுமந்தவர்களே வேண்டாமென்றார்கள். பசுமைத் தூதர் விஷயத்தில் பெயருக்குப் பின்னே வண்டியும் ஊதியமும் நின்றன. மதிப்பு அங்கே இருக்கிறது. பிற்காலத்தில் ஒரு பெரிய குளிர்பான நிறுவனம் இத்தகைய பணிகளுக்குப் பொருளுதவி செய்ய முன்வந்ததையும் சற்று நின்று நோக்க வேண்டும். புட்டிகளை உற்பத்தி செய்வோர் புட்டிகளைப் பொறுக்குவதற்குப் பணம் தருவதில் தவறில்லை. ஆனால் உற்பத்தி குறைய வேண்டும் என்ற கேள்வி அத்தகைய மேடைகளில் மெதுவாகத்தான் ஒலிக்கும்.

இனிச் சுற்றுமடலின்பால் நமக்குள்ள ஒரு மனக்குறையையும் பணிவோடு பதிவு செய்கிறோம். ஒரு பொருளை உடனே எறியாமல் மீண்டும் பயன்படுத்துவது, அதைச் செய்பவரின் மாண்பை வெளிப்படுத்தும் அன்புச் செயலாகலாம் என்கிறது 211-ஆம் பத்தி. உண்மை. ஆனால் நாம் பிரிக்காமல் எறிவதைக் கையால் பிரிப்பவரின் மாண்பு அப்பத்தியில் இல்லை. திருத்தந்தை இதனை அறியாதவர் அல்லர். புவனோஸ் ஐரிஸ் பேராயராக இருந்த காலத்தில், இரவில் அட்டையும் காகிதமும் பொறுக்கிப் பிழைக்கும் 'கார்த்தோனேரோ' தொழிலாளர்களோடு நெருங்கிப் பழகியவர். 2013 மார்ச் 19-ஆம் நாள் நிகழ்ந்த அவரது பணியேற்புத் திருப்பலியில் அவர்களுள் ஒருவர் தொழில் உடையிலேயே விருந்தினராகப் பங்கேற்றார். பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் ஒருங்கே கேட்கச் சொல்லும் மடலில், அன்றாடச் செயல்களைச் சொல்லும் இடத்தில் மட்டும் ஏழை காணாமற்போனது ஏன்? பட்டியலைத் தனியே கிழித்தெடுத்து ஒட்டிய நாம் அந்தக் குறையைப் பெரிதாக்கிவிட்டோம்.

இதற்கு விடையை யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் தேடுகிறோம். அப்பம் பலுகிய பின் எஞ்சிய துண்டுகளைச் சேர்க்குமாறு ஆண்டவர் பணித்ததை, உணவை வீணாக்காதீர்கள் என்ற அறிவுரையாகவே நாம் வழக்கமாக விளக்குகிறோம். குருமடத்தில் நாம் கற்றது அதைவிட ஆழமானது. பிற நற்செய்தியாளர்கள் சீடர்களே அப்பத்தைப் பரிமாறியதாகக் காட்ட, யோவானில் இயேசுவே பகிர்ந்தளிக்கிறார்; உணவு பகிரப்பட்ட பின் சீடருக்குத் தரப்படும் வேலை மிச்சத்தைப் பொறுக்குவது. ஐயாயிரம் பேர் உண்ட புல்வெளியில் குனிந்து நடந்து, பிறர் கைபட்ட துண்டுகளைக் கூடையில் இட்டவர்கள் திருத்தூதர்கள். மேலும், எதுவும் வீணாகாதபடி என்று 12-ஆம் வசனத்தில் அப்பத் துண்டுகளுக்கு வழங்கும் அதே கிரேக்க வினைச்சொல், 39-ஆம் வசனத்தில் தந்தை தம்மிடம் ஒப்படைத்த எவரையும் இழந்துவிடாதபடி என்று மனிதரைக் குறிக்க மீண்டும் வருகிறது. ரொட்டித் துண்டுக்கு ஒரு சொல், மனிதருக்கு வேறொரு சொல் என்று நற்செய்தியாளர் வைக்கவில்லை. துண்டைக் காத்து மனிதரை இழக்கும் சிக்கனத்துக்கு இந்த அதிகாரத்தில் இடமில்லை என்றே நமக்குப் படுகிறது.

தமிழிலக்கியம் இந்த உண்மையை நமக்கு முன்பே உணர்த்தியது. பம்மல் மன்றம் தொடங்கிய அதே 1994-இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வெளிவந்தது. அதன் தலைமை மாந்தரான ஆரோக்கியம், ஊரார் அழுக்கை வெளுத்து, வீடு வீடாகச் சோறு வாங்கி வாழும் ஒரு கத்தோலிக்கப் பெண். தூய்மை பற்றி நம் பங்குகளில் எத்தனையோ துண்டறிக்கைகள் அச்சாகியுள்ளன. தூய்மையின் விலையை யார் செலுத்துகிறார் என்பதை அந்நாவலைப் போல் அவற்றுள் ஒன்றும் சொன்னதில்லை. நம் வாசக வட்டங்களில் அது இன்னும் பரவலாகப் படிக்கப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

அப்படியாயின் வீட்டில் செய்யும் சிறு செயல்கள் வீணா? இல்லவே இல்லை. அவற்றை யாருக்காகச் செய்கிறோம் என்பதை மாற்றிக்கொண்டால் செய்முறையும் மாறிவிடுகிறது. நம் வீட்டுக் குப்பையில் ஏறத்தாழப் பாதி மக்கக்கூடியது. நாட்டுப்புறத்தில் உழவர் 'குப்பை அடிப்பது' என்றால் நிலத்துக்கு எரு கொண்டு செல்வது என்றே பொருள். குப்பை என்ற சொல்லே அங்கே வசைச்சொல் அன்று. பக்கங்களில் துளையிட்ட மண்பானை ஒன்று போதும். அடியில் தேங்காய் நாரும் சருகும் பரப்பி, அன்றன்றைய காய்கறித் தோலைப் போட்டு, மேலே ஒரு கைப்பிடி காய்ந்த இலை தூவி, அவ்வப்போது புளித்த மோர் தெளித்துக் கிளறிவர, இரண்டு மூன்று மாதங்களில் கரிய எரு கிடைக்கும். நாற்றமடித்தால் ஈரம் மிகுந்து காற்று குறைந்துவிட்டது என்று பொருள். இன்னும் சருகு சேர்க்க வேண்டும். பங்கு இல்லத்துக் கொல்லையில் முதல் பானையில் புழு நெளிந்ததைக் கண்டு நம் சமையற்காரர் வேலையை விட்டுவிடுவதாக மிரட்டினார். இப்போது அவரே இரண்டாம் பானை கேட்கிறார். கத்தரிச்செடி நன்றாகக் காய்க்கிறதாம்.

பானையின் பெரும்பயன் எரு அன்று. சோறும் குழம்பும் பையை விட்டு வெளியேறிவிட்டால், மீதமுள்ள காகிதமும் பால் உறையும் புட்டியும் உலர்ந்து நிற்கும். ஒரு கிண்ணம் சாம்பார் ஒரு கட்டுச் செய்தித்தாளைக் கெடுத்துவிடும். கெட்டதைக் காயலான் கடை வாங்காது. வாங்காதது ஏரியோரம் போய்ச் சேரும். பல்லாவரம் பெரிய ஏரி பட்ட பாட்டை நம் பகுதியினருக்கு விளக்கத் தேவையில்லை. பிரித்து ஒப்படைக்கும் கடமை வீட்டாருடையது என்று 2016-இல் நடுவண் அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெளிவாகவே கூறின. அணையாடைகளைத் தனியே பொதிந்து தருமாறும் அவை பணித்தன. சவரத் தகடு, உடைந்த கண்ணாடி, ஊசி ஆகியவற்றைத் தடித்த காகிதத்தில் சுற்றிச் சிவப்பு மையால் கோடிட்டுத் தனியே தருவது நம் இல்லத்தில் இப்போதைய வழக்கம்.

கடந்த ஆண்டு கண்காட்சி நடத்தவில்லை. மாறாக, நான்கு தெருக்களை உள்ளடக்கிய அன்பியத்தின் கூட்டத்துக்கு அந்த அம்மையாரை அழைத்தோம். முன்வரிசையில் நாற்காலி இட்டும் அவர் வாசற்படியருகே நின்றார். பெரியவர் ஒருவர் எழுந்து, "இங்க வந்து உட்காருங்கம்மா" என்று இருமுறை சொன்ன பிறகே அமர்ந்தார். குப்பையைப் பிரிப்பது பற்றிய நம் உரையை முழுவதும் கேட்டார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று வினவியபோது, கையுறையையோ ஊதிய உயர்வையோ கேட்பார் என எதிர்பார்த்தோம். அவர் சற்று நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"பையோட முடிச்ச இறுக்கிப் போடாதீங்க, ஃபாதர். அவுக்க முடியாமத்தான் கைய உள்ள விட்டுக் கிழிக்கிறோம்."

நாற்பது குடும்பங்கள் அங்கே இருந்தன. எவருமே இதுவரை எண்ணிப்பாராத செய்தி அது. மறுநாள் காலையில் நம் தெருவில் நடந்துபோனபோது பைகளின் வாயைத்தான் பார்த்துக்கொண்டு போனோம். ஏழு வீடுகளில் முடிச்சு தளர்ந்திருந்தது.