கே-ஏ என்ற பெட்டிக்குள்ளே

ஊருக்கு வந்த இடத்தில், ஆழ்வார்திருநகரி வீட்டுப் பரணில் கிடந்த நாக்ரத்–கோபாலின் ‘கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங்’ புத்தகத்தைத் தூசி தட்டித் திரும்பப் படித்தேன். என்னைப் போன்ற பலருக்கு இந்தப் பாடத்தின் அரிச்சுவடி இதுதான். கணக்குகள் இன்றும் தெளிவு. எனக்கு ஒரே ஒரு குறை: சர்வோ படங்களில் பவர் ஆம்ப்ளிஃபையர் ஒரு சின்னப் பெட்டி, உள்ளே ‘கே-ஏ’ என்று ஒரு மாறிலி. அவ்வளவுதான்.

பெட்டிக்குள் நடப்பது வேறு. சப்ளை 24 வோல்ட். மோட்டாருக்கு வேண்டியது 6 வோல்ட், 5 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லீனியர் ஆம்ப்ளிஃபையர் என்றால் மிச்சம் 18 வோல்ட்டை டிரான்சிஸ்டர் தாங்க வேண்டும். சூடாக வீணாவது 90 வாட், மோட்டாருக்குப் போவது 30 வாட்! அதனால்தான் ஸ்விட்சிங்: முழுசாகத் திற, முழுசாக மூடு. கால்வாசி நேரம் திறந்தால் சராசரி 6 வோல்ட். எங்கள் தென்காலில் ஷட்டரைத் திறந்து மூடி முறை வைத்துத் தண்ணீர் விட்டாலும் கடம்பாகுளத்தின் மட்டம் குதிக்காது. குளம் சமன் செய்துவிடும். மோட்டார் சுருளின் இண்டக்டன்ஸ்தான் இங்கே அந்தக் குளம்.

இதற்கு விலை உண்டு. 20 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்று 50 மைக்ரோ நொடி. டிஜிட்டல் கட்டுப்பாட்டில் பொதுவாகக் கணக்குப் போட ஒரு சுற்று, வெளியே போக அரைச் சுற்று. மொத்தம் 75 மைக்ரோ நொடி தாமதம். கரண்ட் லூப்பின் கிராஸ்ஓவர் 1 கிலோஹெர்ட்ஸ் என்றால் அது 27 டிகிரி. தாளில் 45 டிகிரி ஃபேஸ் மார்ஜின் வைத்தவருக்கு மிஞ்சுவது 18.

அடுத்து டெட் டைம். மேல் மாஸ்ஃபெட்டும் கீழ் மாஸ்ஃபெட்டும் ஒன்றாகத் திறந்தால் சப்ளை ஷார்ட். அதனால் நடுவில் 1 மைக்ரோ நொடி இரண்டையும் மூடி வைக்கிறோம். ஹெச்-பிரிட்ஜின் இரண்டு கைகளும் சேர்ந்து இதில் சுமார் 1 வோல்ட்டைத் தின்றுவிடும். கரண்ட் திசை மாறினால் பிழையும் திசை மாறும். சர்வோ துல்லியமாக நிற்க வேண்டிய சுழிப் பக்கத்தில்தான் இது படுத்தும்.

மாணவனாக இருந்தபோது நான் செய்த புராஜெக்ட்டில், நிற்க வேண்டிய இடத்தில் மோட்டார் கிர்ரென்று நடுங்கியது. ஒரு வாரம் கெயினையே திருகிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான்; பெட்டியைத் திறந்து பார்க்கத் தோணவே இல்லை.

எளிமைப்படுத்தாமல் பாடம் நடத்த முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த எல்லை வரை அது மாறிலி என்று பெட்டிக்குக் கீழே ஒரு வரி இருந்தால் போதும். இப்போது படிக்கிறவர்கள் பென்சிலால் மூன்று எண்களைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: சப்ளை வோல்ட், தாமதம், டெட் டைம். அதுக்கப்புறம் கெயினைத் தொடுங்கள்.