வராமல் போகக்கூடிய ஓநாய்

கவிதை தானாக வரவேண்டும் என்று ஒரு கட்சி. உழைத்துச் செய்யவேண்டும் என்று இன்னொரு கட்சி. நம் கூட்டங்களில் இந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை. இரண்டு கட்சியிலும் நான் இருந்திருக்கிறேன். இப்போது இதை வேறோரிடத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது: காட்டு விலங்குகளையும் பறவைகளையும் பொழுதுபோக்காகப் புகைப்படம் எடுக்கிறவர்களிடம். தற்செயலும் தயார்நிலையும் அவர்கள் காரியத்தில் பூசி மெழுக முடியாதபடி எதிரெதிரே நிற்கின்றன.

2015-ல் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் படம் பத்திரிகைகளில் வந்தது. மீன்கொத்தி செங்குத்தாகப் பாய்கிறது. அலகு நுனி நீரைத் தொடும் கணம். கீழிருந்து அதன் பிம்பம் சற்றும் கலையாமல் எதிரே வருகிறது. ஆறு வருஷம், 7,20,000 படங்கள் என்று கணக்குச் சொன்னார்கள். படத்தைவிடக் கணக்குதான் அதிகம் பேசப்பட்டது. உழைப்பின் அளவைச் சொல்லி வியப்பதும், 'அதிர்ஷ்டம் அடித்தது' என்று தள்ளிவிடுவதும் ஒரே காரியம்தான் என்று எனக்குப் படுகிறது. இரண்டிலும் படத்தை யாரும் பார்க்கவில்லை. அத்தனை லட்சம் தடவை பொத்தானை அழுத்துவது லாட்டரிச் சீட்டை மொத்தமாக வாங்குகிற மாதிரி. அந்தச் செய்தியில் என்னை நிறுத்தியது வேறொரு விவரம். பறவை கூடு வைக்கும் கரை வெள்ளத்தில் அழிவதைக் கண்டு, அவர் களிமண் கொண்டுபோய் அங்கே கரை அமைத்துக் கொடுத்திருக்கிறார். தயாரிப்பு அங்கேதான் தொடங்குகிறது, கேமராவில் அல்ல.

எஃப். டபிள்யூ. சாம்பியன் ஆங்கிலேய வன அதிகாரி. புகைப்படம் அவருக்குத் தொழில் அல்ல. புலி நடக்கும் பாதையில் கம்பி கட்டிவிட்டுப் போய்விடுவார். இரவில் கம்பியை மிதிக்கும் புலி தன்னைத் தானே படமெடுத்துக்கொள்ளும். அப்படிப் பதிந்த புலிகள் 1927-ல் வந்த அவரது புத்தகத்தில் இருக்கின்றன. முக்கியமான கணத்தில் அவர் அந்த இடத்திலேயே இல்லை. எந்தப் பாதை, எந்த உயரம் என்ற அறிவு மட்டும் அங்கே இருந்தது. இன்றைய கேமராக்கள் சிலவற்றில் பொத்தானை முழுதாக அழுத்துவதற்கு முன் நடந்ததும் பதிவாகிவிடுகிறது. கணத்தைப் பிடிக்கும் விரலின் வீரம் இத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். முடியாதது அந்தப் பாதை பற்றிய அறிவு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996) கறுப்பு வெள்ளையில் எடுத்த யானைகளும் எனக்கு இதையே சொல்கின்றன. அந்தப் படங்கள் அவருக்குத் தெரிந்ததில் ஒரு சிறு பகுதி.

இனி எனக்குச் சங்கடமான இடம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2009-ல் முதற்பரிசு பெற்ற படத்தில் ஓர் ஓநாய் இரவில் பண்ணைக் கதவைத் தாண்டிக் குதிக்கிறது. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் முடிவு செய்து 2010-ல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். 2017-ல் அதே போட்டியில் ஒரு பிரிவில் பரிசு பெற்றது பிரேசில் நாட்டு எறும்புத்தின்னி. எமாஸ் தேசியப் பூங்காவில் பார்வைக்கு வைத்திருந்த, பாடம் செய்த உடல் அது என்று 2018-ல் முடிவாயிற்று. எடுத்தவர்கள் இருவருமே மறுத்தார்கள்.

விம்ஸட்டும் பியர்ட்ஸ்லியும் 1946-ல் எழுதிய கட்டுரையைப் படித்தநாள் முதல், படைப்பு மட்டும்தான் பேசவேண்டும், அதன் பின்னாலிருக்கும் ஆசாமியின் உத்தேசம் நமக்கு வேண்டாம் என்று வாதாடி வந்தவன் நான். அந்த நியாயப்படி ஓநாய்ப் படத்தில் எதுவும் மாறவில்லை. அதே பாய்ச்சல், அதே நிழல், அதே இருட்டு. ஆனால் விஷயம் தெரிந்தபின் என்னால் அதைப் பழையபடி பார்க்க முடியவில்லை. நான் ஏமாந்ததால் வந்த கோபம் என்று முதலில் நினைத்தேன். அதுவல்ல. படத்திலிருந்து ஒன்று போய்விட்டது: அந்த ஓநாய் வராமல் போயிருக்கக்கூடும் என்பது.

அதிர்ஷ்டம் என்று நாம் சொல்வது எடுக்கிறவனுக்குக் கிடைத்த சலுகை அல்ல, எதிரே இருப்பதன் சுதந்திரம். வருவதும் வராததும் அதன் பாடு. தயார்நிலை என்பது அந்தச் சுதந்திரத்துக்கு இடம் ஒதுக்கிவைப்பது, களிமண் சுமப்பது. அழைத்துவந்து குதிக்கவைத்த ஓநாயிடம் உழைப்பு இருக்கலாம், திறமையும் இருக்கலாம். எதிரே யாரும் இல்லை.

கவிதையில் எதிரே இருப்பது சொல். அது வராமல் போயிருக்கக்கூடும் என்பது வரியில் தெரியவேண்டும். தெரிகிறதா என்று சோதிக்க நமக்கு நடுவர் குழு கிடையாதே என்று கேட்கலாம். எறும்புத்தின்னியை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? படத்திலிருந்த மிருகத்தையும் பாடம் செய்த உடலையும் பக்கத்தில் வைத்து நிபுணர்கள் ஒப்பிட்டார்கள். உடலின் கோடுகள், ரோமக் கற்றைகள், நின்ற நிலை எல்லாம் ஒன்றாக இருந்தன. உயிருள்ள இரண்டு மிருகங்கள் அப்படி இருப்பதில்லை. ஆக, ஒரு படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் இன்னொன்றை வைக்கவேண்டும். என் பழைய நியாயத்தில் இந்த அளவு மட்டும் திருத்திக்கொள்கிறேன். ஆசாமியின் உத்தேசம் இப்போதும் வேண்டாம். ஆனால் தனிக் கவிதையும் போதாது. அவனது பத்துக் கவிதைகளை வரிசையாக வைத்துப் படிக்கவேண்டும்.

அடுத்தவர் கவிதையில் தொடங்குவது சுலபம் என்பதால் என் நோட்டுப் புத்தகத்தையே எடுத்தேன். ஒன்பது கவிதைகளில் ஓர் இறகு வருகிறது. ஒன்பதிலும் அது மெல்லச் சுழன்று, ஒரே கோணத்தில், யாருமில்லாத முற்றத்தில் இறங்குகிறது. சில பிரசுரமும் ஆயின; நண்பர்கள் நன்றாயிருப்பதாகவே சொன்னார்கள். இறகு விழுந்ததை நிஜமாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். ஒரு தடவை நினைவுக்கு வந்தது. மற்ற எட்டும் பாடம் செய்தவை.