வேதாளைப் போரும் இரு நூல்களும்

கடற்போரில் வென்றவன் தன் வெற்றியை எழுதிவைத்தல் உலக வழக்கு. தோற்றவன் எழுதுவது அரிது. அதனைத் தேடிப் படிப்பவர் அதனினும் அரியர். இரு தரப்பாரும் எழுதிவைத்த போர் ஒன்றை ஈண்டு ஆராய்வாம்.

1538ஆம் ஆண்டில், இராமநாதபுரக் கரையிலுள்ள வேதாளையில், மரைக்காயர்கள் நடத்திவந்த கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கப்பற்படையைப் பறங்கித் தளபதி மார்த்தீம் அபோன்சோ டி சூசா முறியடித்தான். போர்த்துகீசியக் கவி கமோயன்ஸ் 1572இல் வெளியிட்ட 'லூசியதாஸ்' காவியம் இதனைப் பாடுகிறது. பொன்னானி அறிஞர் ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூம் அதே நூற்றாண்டில் அரபியில் இயற்றிய 'துஹ்பத்துல் முஜாஹிதீன்' என்னும் சரித்திரமும் இதனைக் கூறுகிறது.

கமோயன்ஸ் பெருங்கவி என்பதில் ஐயமில்லை. கடலோடிகள் புறப்படுகையில், அவர்தம் ஆசையைக் கரையில் நின்று இடித்துரைக்கும் கிழவன் ஒருவனையும் அவரே படைத்தார். ஆயின் வேதாளையில் அக்கிழவன் குரல் கேட்கவில்லை. நீரரமகள் ஒருத்தி வருவதுரைப்பாளாய்ப் பாடுகிறாள். தளபதியின் புகழ் முழங்குகிறது. சாமூதிரியின் படையோ அழிவதற்கென்றே தோன்றி அழிகிறது. மடிந்தவர்க்குப் பெயரில்லை.

ஜைனுத்தீன் நூலில் அலங்காரம் இல்லை, உண்மை உண்டு. தம்மவர் தலைவர்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறார். தோல்வியைத் தோல்வியென்றே எழுதுகிறார். பறங்கியர் கொடுமைகளை அடுக்கிய அதே கையால், தம் சமூகத்தாரின் குற்றங்களையும் பிளவையும் வரைகிறார். பிற சமயத்தவனாகிய சாமூதிரி தம் மக்களுக்குத் துணை நின்றதை மறவாது போற்றுகிறார். பகைமையிலும் நடுநிலை தவறாத இப்பண்பையே இலக்கியத்தின் உயர்வென்று நாம் கொள்வோம்.

இருவரிடத்தும் ஒரு குறையுண்டு. வெற்றிக்கு அவர் வானுலகைத் துணைக்கழைக்கிறார். தோல்விக்கு இவர் இறைவன் சினத்தைக் காரணமாக்குகிறார். பறங்கியர் பீரங்கியின் வலிமையும், கொச்சி மன்னன் அவரோடு கூடி நின்றதும் கண்கூடான காரணங்கள் அல்லவோ?

ஜைனுத்தீன் சரித்திரம் 1583உடன் நின்றுவிடுகிறது. அவர் அஞ்சிய பிளவோ நிற்கவில்லை. 1600இல், அவர் போற்றிய சாமூதிரி மரபே பறங்கியரோடு சேர்ந்து நான்காம் குஞ்ஞாலி மரைக்காயரின் கோட்டையை முற்றுகையிட்டது. சரணடைந்த அவ்வீரரைப் பறங்கியர் கோவாவுக்குக் கொண்டு சென்று கொன்றனர்.

அரபி நூலை முஹம்மது ஹுசைன் நயினார் ஆங்கிலமாக்க, சென்னைப் பல்கலைக்கழகம் 1942இல் வெளியிட்டது. காவியத்திற்கும் ஆங்கில மொழிபெயர்ப்புகள் உண்டு. தோட்டத்திலும் பட்டணத்திலும் வாசகசாலை நடத்தும் அன்பர்கள் இரண்டையும் அருகருகே வைப்பாராக. வென்றவன் பாட்டைச் சுவைக்கலாம். தோற்றவன் சாட்சியத்தையும் கேட்ட பின்னரே தீர்ப்புச் சொல்லுதல் வேண்டும்.