எந்த வெற்றிக்கு எவ்வளவு எடை?

2008 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தையே டேவிட்சன் அணி உலுக்கியது. வட கரோலினாவின் சிறிய கல்லூரி. நாடு தழுவிய நாக்-அவுட் போட்டிக்குள் தன் பிரிவில் 10ஆம் தரவரிசையில் நுழைந்து, கொன்சாகா, ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் மூன்றையும் சாய்த்தது. கடைசி எட்டு அணிகள் சுற்றில் 57-59 எனத் தோற்றது, அந்த ஆண்டு கோப்பையை வென்ற கான்சஸிடம். கொன்சாகாவுக்கு எதிராக டேவிட்சன் வீரர் ஸ்டீபன் கரி குவித்தது 40 புள்ளிகள்.

அந்த அணியின் வெற்றிகளை முன்பே கணித்திருக்க முடியுமா? தன் லீக்கில் ஆடிய 20 ஆட்டங்களிலும் வெற்றி. ஆனால் டியூக், வட கரோலினா, யுசிஎல்ஏ போன்ற பெரிய அணிகளிடம் தோல்வி. இப்படிப்பட்ட கேள்விகளைத்தான் அதே கல்லூரியின் கணிதப் பேராசிரியர் டிம் சார்ட்டியர் வகுப்புக்குள் கொண்டுவந்தார்.

10 அணிகள் ஆடும் ஐபிஎல்லுக்குப் புள்ளிப் பட்டியல் போதும். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல்நிலைப் பிரிவிலோ 350க்கு மேற்பட்ட அணிகள். ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் ஆடுவது சுமார் 30 ஆட்டங்கள். பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. வெற்றி விகிதத்தை மட்டும் நம்பினால் எளிய எதிரிகளோடு ஆடியவர்கள் மேலே போய்விடுவார்கள்.

சார்ட்டியர் கற்பித்த, அணிகளைத் தரவரிசைப்படுத்தும் ‘காலி’ (Colley) முறையில் எல்லா அணியும் அரை என்ற மதிப்பில் தொடங்கும். வெற்றிகளோடு 1, ஆட்டங்களோடு 2 சேர்த்து வகுக்க வேண்டும். ஓர் ஆட்டம் ஆடி வென்ற அணிக்கு நூற்றுக்கு நூறு கிடையாது, மூன்றில் இரண்டுதான். பிறகு எதிரணிகளின் வலிமை உள்ளே வருகிறது. அந்த வலிமையோ அவர்களுடைய எதிரணிகளைப் பொறுத்தது. ஆகவே 350க்கு மேற்பட்ட சமன்பாடுகளை ஒரே நேரத்தில் தீர்த்தாக வேண்டும். மாணவர்கள் அலுப்போடு மனப்பாடம் செய்யும் நேரியல் இயற்கணிதத்துக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

என்னைக் கவர்வது அதற்கு அடுத்த படி. எந்த ஆட்டத்துக்கு எவ்வளவு எடை என்பதை அவர் மாணவர்களிடமே விட்டுவிடுகிறார். பருவத்தின் கடைசி ஆட்டங்களுக்குக் கூடுதல் மதிப்பா? வெளியூர் வெற்றிக்கு எவ்வளவு? ‘நல்ல ஃபார்ம்’ என்று நாம் பத்திரிகையில் பொத்தாம்பொதுவாக எழுதுவதற்கு அங்கே எண் கொடுத்தாக வேண்டும். அந்த எண் சரியா என்பது அடுத்த வார இறுதியிலேயே தெரிந்துவிடும்.

அந்த நாக்-அவுட் போட்டியின் 63 ஆட்டங்களையும் பிசகாமல் கணிக்க வேண்டுமென்றால், சாத்தியங்கள் சுமார் 92,000 கோடி கோடி. அது யாருக்கும் எட்டாது. ஆனாலும் ஈஎஸ்பிஎன்னின் கணிப்புப் போட்டியில் அவர் மாணவர்கள் சில ஆண்டுகளில் 97 சதவீதத்தினரை முந்தியிருக்கிறார்கள். அதற்குக் கூடைப்பந்து ரசிகராக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இந்த முறையின் பெரிய குறை, அணிக்கு ஒரே எண் என்பது. ஜார்ஜ்டவுனுக்கு எதிராகக் கரி எடுத்த 30 புள்ளிகளில் 25 இரண்டாம் பாதியில் வந்தவை. அந்த எழுச்சிக்கு இதில் இடமில்லை. தனி வீரரின் ஆட்டத்தைப் பிரித்துப் பார்க்க வேறு கணக்கு வேண்டும். டேவிட்சனில் அதையும் மாணவர்களே கையில் எடுத்தார்கள்: சார்ட்டியர் வழிநடத்திய குழு கல்லூரி அணியின் ஆட்டங்களை அலசி, பயிற்சியாளர்களிடமே கொடுக்கத் தொடங்கியது.